காதம்மா வீட்டு மேனேஜர்

கடைத்தெருவின் கோடியில், மருந்துக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது அந்தக் காது பரிசோதனை நிலையம். அங்கே இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் பெண்மணிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வந்துபோகிறவர்கள் முதலில் "காது மெஷின் அம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். காது மந்தமானவர்களிடம் நீளமான பெயர் செல்லுபடியாகாது. நடுவிலிருந்த மெஷின் தேய்ந்து, காதம்மா மட்டும் மிஞ்சினார்.

கடையின் பின்பக்கம் ஒரு பெரிய அலமாரி அளவுக்கு அறை. நான்கு சுவரிலும் வெளிச்சத்தம் புகாதபடி பஞ்சு அடைத்திருக்கும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொத்தான். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே உட்கார்ந்து காதம்மா ஒவ்வொரு ஒலியாக உள்ளே அனுப்புவார். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் நடக்கும் தில்லுமுல்லுக்கு அளவே கிடையாது. சிலர் காதம்மாவின் விரலைக் கண்ணாடி வழியே பார்த்து அழுத்துவார்கள். மனைவி வெளியே நிற்கிறாள் என்பதற்காகவே விடாமல் அழுத்துகிறவர்கள் உண்டு. ஒரு கணக்கு வாத்தியார் ஒலிக்கும் ஒலிக்கும் இடைவெளி எத்தனை விநாடி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு, தாளம் பிசகாமல் அழுத்தினார். காதம்மா மெஷினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். வாத்தியார் அப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தார்.

நிஜமாகக் கேட்டவருக்குப் பொத்தானை அழுத்தும் முன் புருவம் அசையும். இது காதம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதனால் அவரை ஏமாற்றியவர் இதுவரை யாருமில்லை.

சோதனை முடிந்ததும் கூட வந்தவர்களை உட்காரவைத்து ஒரு பாடம் எடுப்பார். "அவங்க உங்க மேல கோபப்பட்டுக் கத்தல. அவங்க குரல் அவங்களுக்கே கேக்கல, அதான் சத்தமா பேசுறாங்க. பின்னாலேர்ந்து கூப்பிடாதீங்க. முன்னால வந்து முகத்தைக் காட்டிப் பேசுங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரி பிசகாமல் ஒப்பிப்பார்.

இப்பேர்ப்பட்டவரின் வீட்டில்தான் இது நடந்தது.

வீடு, நான்கு மாடிப் பழைய கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடி. தரை மரப்பலகை. மேலே ஒருவர் செருப்பைக் கழற்றினால் ஒற்றைச் செருப்பா, ஜோடியா என்று கீழே இருப்பவர் சொல்லிவிடலாம். காதம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள் படித்து முடித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். எட்டு வயதில் அவள் பள்ளிப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பூனையை மட்டும் பெற்றவர்களிடம் விட்டுவிட்டுப் போனாள். குட்டியாக இருந்தபோதே அது ஒரு வேலையும் செய்யாமல், வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று மேற்பார்வை பார்த்ததால், கணவர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். மேனேஜருக்குப் பதினேழு வயதானபோது ராத்திரி அழ ஆரம்பித்தது.

அதைச் சாதாரண மியாவ் என்று நினைக்கக் கூடாது. வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி, நடுவில் ஒரு திருப்பம் எடுத்து, முடிகிற இடத்தில் கேள்வியாக வளையும் ஒரு கூப்பாடு. நட்டநடு ராத்திரியில் நடைவழியில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துக் கூப்பிடும். காதம்மா எழுந்து போய், "என்னடி கண்ணு, என்ன வேணும்?" என்று பின்னாலிருந்து கேட்பார். பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. வயசாக வயசாகத் திமிர் ஏறிவிட்டது என்று அவர் முடிவுகட்டினார்.

வேறு மாற்றங்களும் இருந்தன. முன்பெல்லாம் மீன் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் பறந்து வரும். இப்போது முகத்துக்கு நேரே தட்டை நீட்டினால்தான் வந்தது. பெரிய இடத்து மனுஷிபோல ஆகிவிட்டது என்று காதம்மா மகளிடம் போனில் சொன்னார். வாக்குவம் கிளீனரைக் கண்டால் கட்டிலடியில் பதுங்குகிற பூனை, இப்போது அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் படுத்துத் தூங்கியது. அம்மா, இந்த வயசுல அதுக்குத் தைரியம் வந்திருக்கு பாரேன் என்று மகள் வியந்தாள். காதம்மாவும் சேர்ந்து வியந்தார்.

அழுகைக்குக் காதம்மா மட்டுமே எழுந்தார். கணவருக்கு இடி விழுந்தாலும் விழிப்பு வராது. ஆனால் கைபேசி மட்டும் ஒரு மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் ராத்திரியிலும் கூப்பிடுவார்கள் என்பதால் முப்பது வருடத்துப் பழக்கம். நான்காம் நாள் ராத்திரி, மூன்றாவது கூப்பாட்டுக்கும் தானே எழ வேண்டியிருந்தபோது, காதம்மா சமையலறையில் நின்றபடி கணவரின் கைபேசிக்கு அடித்தார்.

"எந்த மாடி?" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே.

"நம்ம மாடிதான். பூனை அழுவுது, எழுந்து வாங்க."

அதற்குள் அவர் ஒரு காலைப் பேண்ட்டுக்குள் விட்டிருந்தார். வந்து மேனேஜரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பாதிப் பேண்ட்டோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மறுநாள் யோசித்துப் பார்த்து, மனைவியின் எண்ணுக்கு மட்டும் ராத்திரியில் மணி அடிக்காதபடி செய்துவைத்தார். காதம்மா அன்று ராத்திரி, மகள் விட்டுப்போன பழைய கைபேசியிலிருந்து அடித்தார். இந்தப் போரில் காதம்மாவின் கையே ஓங்கியிருந்தது.

இதனால் வந்த வினை, ஒருநாள் காலை லிஃப்டில் கணவர் மறதியாகப் பேசியது. மேனேஜர் நேற்று ராத்திரி மூன்று தடவை அழுததாகவும், மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்த பிறகுதான் தூங்கியதாகவும் அவர் மனைவியிடம் சொன்னார். கூட நின்றிருந்த நான்காம் மாடி வங்கி ஊழியை, அடுத்த மாடியிலேயே இறங்கி மீதியைப் படியில் நடந்தார்.

இப்போது கீழ்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் மாடியில், காதம்மாவின் வீட்டுக்கு நேர் கீழே, தனியாக இருந்தார் ஒரு சுருக்கெழுத்தர். நீதிமன்றத்தில் நாற்பது வருடம் மற்றவர்கள் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் எழுதியே ஓய்வுபெற்றவர். வயது எழுபத்தாறு. ஒன்பது வருடமாகக் காது கேட்காமல் இருந்தும், எனக்குத் தேவையானது எனக்குக் கேட்கிறது என்று சாதித்துக்கொண்டிருந்தார். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அவரை நச்சரித்து, கெஞ்சி, கடைசியில் கடைக்கே இழுத்துப்போய் இரண்டு காதுக்கும் மெஷின் பொருத்தியது காதம்மாதான். மெஷின் போட்டுக்கொண்டதும் அவர் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, ஒரு காகிதத்தில் கிறுக்கிப் பார்த்தார். கிறுக்கும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நன்றி சொல்லாமல் எழுந்துபோனார். காதம்மாவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அது நடந்து மூன்று மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் காதம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் நான்காக மடித்த காகிதங்கள்.

"ஏம்மா, காதைக் கொடுத்ததும் நீங்க. பூனைய வளர்க்கிறதும் நீங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

காதம்மா பதறிப்போனார். படுக்கும்போது மெஷினைக் கழற்றிவைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேனே சார் என்றார். காதுக்கும் நல்லது, மெஷினுக்கும் நல்லது என்றார்.

"ஒன்பது வருஷம் கழட்டித்தானேம்மா வச்சிருந்தேன்" என்றார் அவர்.

காகிதங்களைக் காதம்மாவிடம் நீட்டிவிட்டு அவர் படியிறங்கினார். அவர் போன பிறகு காதம்மா அவற்றைப் பிரித்தார். ஏழு நாள் ராத்திரியும், மணி நிமிடத்தோடு, முத்து முத்தான கையெழுத்தில் பதிவாகியிருந்தது.

"1.10: நீண்ட கூப்பாடு ஒன்று. பதில் இல்லை. 1.14: மீண்டும், சற்றுக் கோபமாக. 1.15: பெண்மணி வருகிறார். 'என்னடி கண்ணு' என்கிறார். பூனை பொருட்படுத்தவில்லை. 2.25: தண்ணீர் குடிக்கும் சத்தம், மூன்று நிமிடம் இடைவிடாமல். 2.40: கூப்பாடு. 2.41: டெலிபோன் மணி. ஆண் குரல், 'எந்த மாடி?' 2.50: பெண்மணி பூனையிடம், 'வாய மூடு, கீழ கிழம் முழிச்சுக்கும்.' (கிழம் ஒரு மணியிலிருந்தே முழித்துக்கொண்டிருந்தது.)"

காதம்மாவுக்குக் காதுமடல் வரை சூடேறியது. மெஷினை இவ்வளவு நன்றாகப் பொருத்தியிருக்க வேண்டாம் என்று முதல் தடவையாக நினைத்தார். கணவர் வாங்கிப் படித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாளே மேனேஜரைக் கூடையில் வைத்து இருவரும் மிருக வைத்தியரிடம் போனார்கள். சின்னப் பெண், வளவளவென்று பேசாதவர். ராத்திரியில் எத்தனை தடவை அழுகிறது, எப்போது, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். காதம்மா தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து அந்தக் காகிதங்களை எடுத்து, கிழம் வருகிற பக்கத்தை மட்டும் உள்பக்கமாக மடித்து நீட்டினார். வைத்தியர் மடிப்பைப் பிரித்து எல்லாவற்றையும் படித்தார். இப்படி எழுதிக்கொண்டு வருகிறவரை இன்றுவரை பார்த்ததில்லை, யார் எழுதியது என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் என்றார் காதம்மா.

பிறகு வைத்தியர் பூனையின் தலைக்குப் பின்னால் கைதட்டினார். மேனேஜர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டீல் தட்டைத் தரையில் போட்டார். அடுத்த அறையில் ஒரு நாய் குரைத்தது. கணவர் துள்ளினார். மேனேஜர் அப்போதும் சன்னலைத்தான் பார்த்தது.

"சுத்தமா காது கேக்கல இதுக்கு. எத்தனை நாளா இப்படி இருக்கு? வீட்ல யாரும் கவனிக்கலையா?"

கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. வைத்தியர், சார் அழுகிறாரா என்று கவலையோடு கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றார் கணவர், மூச்சு வாங்கியபடி. "இவங்க வேலையே காது டெஸ்ட் பண்றதுதான். இருபத்தாறு வருஷமா."

வைத்தியர் உதட்டைக் கடித்துக்கொண்டு ரத்தம் எடுக்க ஊசி தேடினார். காதம்மாவுக்கு அந்த நிமிடம் தான் ஒப்பிக்கும் பாடம் முழுவதும் வரிவரியாக நினைவுக்கு வந்தது. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. பூனையின் திமிர், பூனையின் தைரியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது எல்லாம் இதுதானா?

ரத்த முடிவு இரண்டு நாளில் வந்தது. தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது, அதனால்தான் ராத்திரியில் பசியும் தாகமும் நிலைகொள்ளாமையும் என்றார் வைத்தியர். காலையும் மாலையும் அரை மாத்திரை எழுதிக்கொடுத்தார். வயசுக் குழப்பமும் கொஞ்சம் இருக்கிறது, இருட்டில் விழித்துக்கொண்டதும் எங்கே இருக்கிறோம், கூட யாராவது இருக்கிறார்களா என்று தெரியாமல் கூப்பிடுகிறது என்று விளக்கினார். நடைவழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், நாற்காலி மேசையை இடம் மாற்ற வேண்டாம், படுக்கப் போகும் முன் கொஞ்சம் சாப்பாடு வையுங்கள் என்றார்.

விளக்கு வைப்பது சுலபமாக இருந்தது. மாத்திரைதான் பெரும்பாடு. மீனுக்குள் ஒளித்துவைத்தால் மேனேஜர் மீனைத் தின்றுவிட்டு, மாத்திரையைத் துடைத்துவைத்ததுபோலத் தட்டின் ஓரத்தில் விட்டது. இருபது மாடி லிஃப்டின் மோட்டாரைத் தனியாளாகக் கழற்றிப் பூட்டுகிற கணவர், மூன்று கிலோ பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிப்பதற்குள் கையெல்லாம் கீறலோடு நின்றார். வேலையிடத்தில் கேட்டவர்களிடம் கம்பி கிழித்துவிட்டது என்று சொன்னார்.

அந்த வாரத்தில் ஒரு மாலை, யாரும் இல்லாதபோது, காதம்மா மேனேஜரின் பின்னால் தரையில் உட்கார்ந்து முறையாகச் சோதனை எடுத்தார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். கரண்டியால் தட்டைத் தட்டினார். விசில் அடித்தார். கடைசியில், எப்போதும் கூப்பிடுகிற குரலில் "கண்ணு" என்றார். பூனையின் மீசைகூட அசையவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரிடம் இந்த முடிவைத் தயங்காமல் சொன்னவர், இப்போது மட்டும் நம்ப மறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். எழுந்திருக்கப் போனவரின் கால் மரத்துப்போயிருந்ததால் தடுமாறி, குதிகால் பலகையில் தொம்மென்று விழுந்தது. மேனேஜர் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தது.

காதம்மா அப்படியே நின்றார். மறுபடியும் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார். பூனை எழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடம் நடந்து வந்தது. பாதம் வழியாக அதற்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து ராத்திரி கூப்பாடு கேட்டால் படுக்கையிலிருந்தே காலை நீட்டி இரண்டு தட்டு. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். மாத்திரையும் வேலை செய்ய ஆரம்பித்து, ராத்திரிக்கு மூன்று நான்காக இருந்த கூப்பாடு ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஆனால் காதம்மாவின் தரைதான் சுருக்கெழுத்தரின் கூரை. பூனை கத்தியது போதாதென்று இப்போது தலைமேல் உதைக்கவும் செய்கிறோமே என்று கூச்சப்பட்டு, காதம்மா தானாகவே கீழே இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னார். காகிதங்கள் வைத்தியருக்கு எவ்வளவு உதவின என்பதையும் சொன்னார். கிழம் என்று சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டார்.

சுருக்கெழுத்தர் அந்தக் கடைசி விஷயத்தைக் காதில் வாங்காததுபோல இருந்தார். "ரெண்டு காதுமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டும்தான் சார் என்றதும், "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாலாம் நாள், காதம்மா கண்விழித்தபோது சன்னலில் வெயில். ராத்திரி ஒரு தடவைகூட எழவில்லை என்பது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும், பூனை செத்துப்போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. கணவரைக் கையாலேயே உலுக்கி எழுப்பிவிட்டுக் கூடத்துக்கு ஓடினார். மேனேஜர், தன் மெத்தையில் இல்லாமல், சன்னலோரம் வெறும் பலகையில் கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு தூங்கியது. வயிறு ஏறி இறங்கியது.

ராத்திரி பூனை கத்தவே இல்லையா என்று கேட்கக் காதம்மா கீழே இறங்கிப் போனபோது, சுருக்கெழுத்தர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உயரத்துச் சன்னலைத் தள்ளித் திறக்கும் நீளமான கோலும் கையுமாக அவர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். தலையணையில் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது.

"ரெண்டு பத்துக்குக் கூப்பிட்டுச்சு" என்றார், குற்றவாளிபோல. "எப்படியும் நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு தட்டு தட்டினேன். நேரா என் தலைக்கு மேல வந்து படுத்துக்கிச்சு. மூணரைக்கு ஒரு தடவை. அப்புறம் நானே தூங்கிட்டேன்."

காதம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. தனக்கு இது ஒரு வேலையே இல்லை என்றும், நீங்கள் காலையில் கடைக்குப் போகிறவர்கள், தூங்குங்கள் என்றும் சுருக்கெழுத்தர் சொன்னார். அந்த வார இறுதியில் கணவர் கீழே போய், கூரையில் கோல் படும் இடத்தில் கெட்டியான பலகைத் துண்டு ஒன்றை அறைந்து, கோலின் நுனிக்கு ரப்பரும் மாட்டிக்கொடுத்தார். மேனேஜரின் மெத்தையும் சன்னலோரத்துக்கு இடம் மாறியது.

மேனேஜருக்கு இப்போது பதினெட்டு நடக்கிறது. ராத்திரி வேலையைக் கீழ்வீடு ஏற்றுக்கொண்டதால் காதம்மாவும் கணவருக்கு நிகராகத் தூங்கப் பழகிவிட்டார். மாலையில் சுருக்கெழுத்தர் மேலே வந்து, பூனைக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைக் காட்டி அதனிடம் ஏதோ பேசிவிட்டுப் போகிறார். என்ன பேசுகிறார் என்று காதம்மாவும் கணவரும் கேட்பதில்லை.

போன மாதம் மகள் ஒரு வார விடுமுறையில் வந்தாள். பூனையோடு படுக்க வேண்டும் என்று கூடத்திலேயே, சன்னலோரம் தரையில் பாயை விரித்துக்கொண்டாள். அவளிடம் கோல் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று பெற்றவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இரண்டு மணி சுமாருக்கு மேனேஜர் எழுந்து ஒரு கூப்பாடு போட்டது. உடனே மகளின் முதுகுக்கு அடியில், தரைக்குள்ளிருந்து, யாரோ இரண்டு தடவை நிதானமாகத் தட்டினார்கள்.

அவள் அலறிய அலறலில் மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது. கணவர் தூக்கத்திலேயே கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார். காதம்மா பாதிக் கண்ணைத் திறந்தபடி கதவு வரை வந்து, "ஒண்ணுமில்லம்மா, கீழ்வீட்டு சார்தான். படு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றி, மகளின் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. விடியும்வரை மகள் மட்டும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.